அணு உலை விபத்தில் எது பெரிசு, எது சிறிசு? கூடங்குளத்தில் இருந்து 155 கி.மீ. தள்ளி இருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிக்கு என்ன ஆபத்து?

அருப்புக்கோட்டை:

கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி டி.வி.யில் ஒரு செய்தி வந்தால் போதும். அருப்புக்கோட்டை பஸ் நிலைய டீக்கடையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி கண்மாய்க்கரை வரை ஒரே கேள்விதான். "அங்க வெடிச்சா நம்ம ஊரு தாங்குமா?"

"எல்லாம் சாம்பலாயிடும்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ரஷ்யாக்காரன் கட்டினது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே முழு உண்மை இல்லை.

அணு உலை விபத்து எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. சிறியது, பெரியது என்று பிரித்துச் சொல்ல உலகம் முழுக்க ஒரு அளவுகோல் உள்ளது. அதைத் தெரிந்து கொண்டால் வதந்தி எது, உண்மையான ஆபத்து எது என்று நாமே கண்டுபிடித்து விடலாம்.

பட்டாசு விபத்து மாதிரியா?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு வெடி விபத்து புதிது அல்ல. 2012 செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 மே 1-ந்தேதி காரியாபட்டி அருகே ஆவியூர் பகுதி கல்குவாரி வெடிமருந்து குடோன் வெடித்ததில் 3 பேர் உடல் சிதறி பலியானார்கள்.

இந்த விபத்துகள் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து விடும். சத்தம் கேட்கும், புகை தெரியும். மறுநாள் அந்த இடத்துக்குப் போனால் ஆபத்து இருக்காது.

அணு உலை விபத்து இதற்கு நேர் எதிர். அதில் இருந்து வரும் கதிர்வீச்சுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் மண்ணில் படிந்தால் வருடக்கணக்கில் இருக்கும். சாவு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் பட்டாசு விபத்து பெரிதாகத் தெரியும். ஆனால் ஊரையே காலி செய்ய வைப்பது அணு உலை விபத்துதான்.

இன்னொரு விஷயம். அணு உலை அணுகுண்டு மாதிரி வெடிக்காது. குண்டுக்கு 90 சதவீத அளவுக்கு செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். கூடங்குளம் மாதிரி உலைகளில் இருப்பது அதிகபட்சம் 5 சதவீதம்தான். எனவே "ஹிரோஷிமா மாதிரி ஆயிடும்" என்பது தவறு. உலையில் வெடிப்பது நீராவியும் ஹைட்ரஜன் வாயுவும்தான். அப்படி வெடிக்கும்போது உள்ளே இருக்கும் கதிர்வீச்சுப் பொருள் வெளியே வந்து விடுகிறதா என்பதே கேள்வி.

0 முதல் 7 வரை

சர்வதேச அணுசக்தி முகமை 1990-ல் ஒரு அளவுகோலைக் கொண்டு வந்தது. அதில் 0 முதல் 7 வரை நிலைகள் உள்ளன.

0 என்றால் பாதுகாப்புக்கு பாதிப்பு இல்லை. 1, 2, 3 என்றால் "சம்பவம்". 4, 5, 6, 7 என்றால் "விபத்து".

ஒவ்வொரு நிலை ஏறும்போதும் கடுமை சுமார் 10 மடங்கு கூடுகிறது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், 4-வது நிலையை 1 லிட்டர் சொம்புத் தண்ணீர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 5-வது நிலை 10 லிட்டர் குடம். 6-வது நிலை 100 லிட்டர் டிரம். 7-வது நிலை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி.

எனவே 7-ம் 5-ம் பக்கத்துப் பக்கத்து நம்பர்தானே என்று நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சுமார் 100 மடங்கு வித்தியாசம்.

கரிமூட்டம் போல உள்ளே கனல்

அணு உலையை ஸ்விட்சை அணைப்பது போல நிறுத்தி விடலாம். சில வினாடிகளில் அணுப்பிளவு நின்று விடும். அப்புறம் எப்படி விபத்து வருகிறது?

திருச்சுழி பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி கரிமூட்டம் போடுபவர்களுக்கு இது எளிதில் புரியும். மூட்டத்தில் தீ அணைந்த பிறகும் உள்ளே கனல் நாள்கணக்கில் இருக்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் மறுபடியும் பிடித்துக் கொள்ளும்.

அணு உலையும் அப்படித்தான். நிறுத்திய உடனே கூட முழு வெப்பத்தில் 6 சதவீதம் அளவுக்கு எரிபொருளில் இருந்து வந்து கொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் உலையில் சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. அதில் 6 சதவீதம் என்றால் 180 மெகாவாட். இந்தச் சூட்டைத் தணிக்க தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும். பம்பு ஓட கரண்ட் வேண்டும்.

கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், தண்ணீர் வற்றி விட்டால் எரிபொருள் உருகும். உலகத்தில் நடந்த பெரிய விபத்துகள் மூன்றில் இரண்டு, இப்படி தண்ணீர் இல்லாமல் போனதால் வந்தவைதான்.

அமெரிக்கா: நிலை 5

1979 மார்ச் 28-ந்தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக் கொண்டது. அது வழியாகத் தண்ணீர் வெளியேறியது. கருவியைத் தவறாகப் புரிந்து கொண்ட ஊழியர்கள் உள்ளே தண்ணீர் கூடுதலாக இருப்பதாக நினைத்து, அவசர பம்பின் ஓட்டத்தையும் குறைத்து விட்டார்கள். எரிபொருளில் பாதி அளவு உருகியது.

ஆனால் உலையைச் சுற்றிக் கட்டியிருந்த கனமான கான்கிரீட் கட்டடம் தாங்கியது. கொஞ்சம் கதிர்வீச்சு வாயு மட்டுமே வெளியேறியது. யாரும் சாகவில்லை. இருந்தாலும் பயத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைப் பூட்டிக் கொண்டு கிளம்பினார்கள்.

செர்னோபில்: நிலை 7

1986 ஏப்ரல் 26-ந்தேதி நள்ளிரவு தாண்டி 1.23 மணி. அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரைனின் செர்னோபில் நிலையத்தில் 4-வது உலையில் ஒரு சோதனை நடந்தது. உலையின் வடிவமைப்பில் குறை இருந்தது. பாதுகாப்பு விதிகளும் மீறப்பட்டன. சக்தி திடீரென்று எகிறி உலை வெடித்துச் சிதறியது.

அந்த உலைக்கு முழுமையான கான்கிரீட் கவசம் கிடையாது. உள்ளே இருந்த கிராபைட் தீப்பிடிக்க, சுமார் 10 நாட்கள் கதிர்வீச்சுப் பொருள் வெளியேறியபடியே இருந்தது.

2 பேர் வெடி விபத்திலேயே பலியானார்கள். ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள் என 134 பேருக்கு கடுமையான கதிர்வீச்சு நோய் வந்தது. அதில் 28 பேர் சில மாதங்களில் இறந்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாற்றப்பட்டார்கள்.

ஜப்பான்: அதே நிலை 7

2011 மார்ச் 11-ந்தேதி ஜப்பானில் 9.0 அளவில் நிலநடுக்கம். புகுஷிமா நிலையத்தில் ஓடிக் கொண்டிருந்த 3 உலைகளும் சரியாக நின்று விட்டன. அதற்குப் பிறகு வந்த சுனாமி அலை சுமார் 14 மீட்டர். நிலையமோ 6 மீட்டருக்கும் குறைவான அலையை எதிர்பார்த்துதான் கட்டப்பட்டிருந்தது. ஜெனரேட்டர்கள் மூழ்கின. பம்பு நின்றது. 3 உலைகளிலும் எரிபொருள் உருகியது. ஹைட்ரஜன் வெடித்து கட்டடங்களின் மேல்பகுதி பறந்தது.

இங்கே பலரும் ஒரு விஷயத்தைக் குழப்பிக் கொள்கிறார்கள். அந்த சமயம் ஜப்பானில் இறந்த, காணாமல் போன சுமார் 18 ஆயிரம் பேரும் நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் போனவர்கள். கதிர்வீச்சு பட்டு உடனடியாக யாரும் சாகவில்லை. ஒரு ஊழியர் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததை அணு உலை வேலையோடு சம்பந்தப்பட்டது என்று ஜப்பான் அரசு 2018-ல் ஏற்றுக் கொண்டது.

ஆனால் வீட்டை விட்டு வெளியேறிய அலைச்சல், மருந்து கிடைக்காதது, மனக்கஷ்டம் ஆகியவற்றால் அந்த மாநிலத்தில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், நோயாளிகள்.

நம்பர் ஒன்று, சேதம் வேறு

செர்னோபிலும் 7, புகுஷிமாவும் 7. இரண்டும் சமமா என்றால் இல்லை. புகுஷிமாவில் காற்றில் கலந்த கதிர்வீச்சுப் பொருள், செர்னோபிலில் கலந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 7-க்கு மேல் நம்பர் இல்லாததால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

எனவே நம்பரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. 3 விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் கவசம் தாங்கியதா? காற்றும் மழையும் எந்தப் பக்கம்? ஜனங்களுக்கு எத்தனை சீக்கிரம் தகவல் சொன்னார்கள்?

மூன்றாவது விஷயம்தான் செர்னோபிலில் சின்னப் பிள்ளைகளைப் பாதித்தது. உலைக்குப் பக்கத்து நகரமான பிரிப்யாட் மக்களை வெளியேற்ற 36 மணி நேரம் ஆனது. 1,000 கி.மீ.க்கும் அப்பால் சுவீடன் நாட்டில் கதிர்வீச்சு பிடிபட்ட பிறகுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் கதிர்வீச்சு அயோடின் புல்லில் விழுந்து, புல்லைத் தின்ற மாட்டின் பாலில் இறங்கி, அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. அப்போது சிறுவர், சிறுமிகளாக இருந்தவர்களில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பாலை நிறுத்தியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

பக்கத்து நாடான போலந்தில் சில நாட்களுக்குள் 1 கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு அயோடின் மருந்து கொடுத்தார்கள்.

இந்தியாவில் நடந்தது என்ன?

இந்திய அணுமின் நிலையங்களில் நடந்ததில் பெரியதாகச் சொல்லப்படுவது உத்தரபிரதேச மாநிலம் நரோரா தீ விபத்து. 1993 மார்ச் 31-ந்தேதி டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் கரண்ட் இல்லை. ஊழியர்கள் இருட்டில் டார்ச் லைட்டோடு வேலை பார்த்து உலையைக் காப்பாற்றினார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. இது நிலை 3.

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி கல்பாக்கத்தையும் தாக்கியது. கடல் நீர் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக் கொண்டிருந்த 2-வது உலையை ஊழியர்கள் நிறுத்தினார்கள். ஜெனரேட்டர்கள் மூழ்காததால் ஆபத்து இல்லாமல் போனது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் அலை புகுந்து உயிர்ப்பலி ஏற்பட்டது.

கூடங்குளத்தில் 2014 மே 14-ந்தேதி வெந்நீர் பீய்ச்சி 6 ஊழியர்கள் காயம் அடைந்தார்கள். அது மில்லில் பாய்லர் விபத்து மாதிரி. கதிர்வீச்சு விபத்து அல்ல. அணுமின் நிலையத்துக்குள் நடந்ததால் எல்லாமே அணு விபத்து ஆகி விடாது.

பழைய இரும்புக் கடையில் நிலை 4

இந்தியாவில் இதை எல்லாம் விட அதிக நிலை வாங்கிய சம்பவம் எந்த அணுமின் நிலையத்திலும் நடக்கவில்லை. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டில் நடந்தது.

ஆய்வுக்கூடத்தில் பயன்படாமல் கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்புக்குப் போனது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருப்பது தெரியாமல் அதை உடைத்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இது நிலை 4.

பழைய இரும்பு எடுப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி மூன்று இதழ் மின்விசிறி போன்ற அடையாளம் மஞ்சள் நிறப் பின்னணியில் இருந்தால் அந்தப் பொருளைத் தொடக் கூடாது, உடைக்கக் கூடாது. போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

கூடங்குளம் எப்படி?

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில் இருக்கிறது கூடங்குளம். ரஷ்ய உதவியோடு கட்டிய தலா 1,000 மெகாவாட் உலைகள் 2 ஓடுகின்றன. முதல் உலை 2013 ஜூலை 13-ந்தேதி இயங்கத் தொடங்கியது.

செர்னோபில் உலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே கிராபைட் இல்லை. உலையைச் சுற்றி 2 அடுக்கு கான்கிரீட் கவசம் இருக்கிறது. எரிபொருள் உருகினால் பிடித்துக் கொள்ள அடியில் தனி அமைப்பு இருக்கிறது. கரண்ட் இல்லாமலே காற்றோட்டத்தில் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடும் உள்ளது.

அதற்காக ஆபத்து பூஜ்யம் என்று யாரும் சொல்ல முடியாது. எரிந்து முடிந்த எரிபொருளை வருடக்கணக்கில் தண்ணீரில் வைத்து காபந்து பண்ண வேண்டும். புகுஷிமாவுக்குப் பிறகு 2011-ல் இடிந்தகரை மக்கள் பெரிய போராட்டம் நடத்தியது இந்தப் பயத்தில்தான். 2013 மே 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு பல உத்தரவுகளைப் போட்டு நிலையத்தை இயக்க அனுமதித்தது.

155 கி.மீ. தூரம் போதுமா?

கூடங்குளத்தில் இருந்து அருப்புக்கோட்டைக்கு நேர்கோட்டில் சுமார் 155 கி.மீ. இந்திய விதிப்படி அவசர கால ஏற்பாடு செய்யும் வட்டம் 16 கி.மீ. அந்தக் கணக்கில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ரொம்ப தூரம். இங்கே கட்டடம் இடியாது. தீ வராது. உடனடியாக யாரும் சுருண்டு விழ மாட்டார்கள்.

ஆனால் தூரத்தை மட்டும் நம்பக் கூடாது. செர்னோபிலில் இருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, பெலாரஸ், ரஷ்யா எல்லையில் உள்ள கிராமங்களில் மண் கடுமையாகக் கெட்டது. நடுவில் இருந்த பல ஊர்கள் தப்பின. காரணம் மழை. கதிர்வீச்சு மேகம் அந்தப் பக்கம் போனபோது அங்கே மழை பெய்தது. மேலே போய்க் கொண்டிருந்ததை மழை கீழே இறக்கி விட்டது. புகுஷிமாவில் 40 கி.மீ. தள்ளி இருந்த இடாடே கிராமத்துக்கும் மழையாலும் பனியாலும் இதே கதிதான் வந்தது.

மழைக்காக ஏங்கும் வானம் பார்த்த பூமி இது. அப்படி ஒரு நாளில் மட்டும் மழைதான் எதிரி.

ஒரு ஆறுதல், இந்தப் பகுதிக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது காற்று பெரும்பாலும் வடகிழக்கில் இருந்து அடிக்கும். அதாவது நம்ம பக்கம் இருந்து கூடங்குளம் பக்கம். ஆனால் புயல் சின்னம் உருவானால் திசை மாறும். கோடை மழையும் உண்டு.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது பால். வெளியே மேயும் ஆடு, மாடுகளின் பாலில்தான் அயோடின் முதலில் தெரியும். அது 8 நாளுக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். 3 மாதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய் விடும். அடுத்தது சீசியம். அது பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். மழைத் தண்ணீரோடு ஓடி கண்மாய் வண்டலில் தங்கும். அதனால் கண்மாய், ஊருணி தண்ணீரையும் வண்டலையும் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

என்ன செய்யணும்?

உண்மையிலேயே பெரிய விபத்து நடந்து மேகம் இந்தப் பக்கம் வருவதாக கலெக்டர் அறிவித்தால் செய்ய வேண்டியவை எளிதானவை.

* வீட்டுக்குள் போய் கதவு, ஜன்னலை மூட வேண்டும். வெளியே இருந்து வந்தால் உடுப்பை மாற்றிக் குளிக்க வேண்டும்.

* குடம், தொட்டி, கிணறு, வைக்கோல் படப்பு எல்லாவற்றையும் மூட வேண்டும். மழைத் தண்ணீர் பிடிக்கக் கூடாது.

* ஆடு, மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டிப் போட்டு, மூடி வைத்த தீவனம் கொடுக்க வேண்டும். சோதிக்கும் வரை அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

* அயோடின் மாத்திரையை சுகாதாரத் துறை சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டும். அயோடின் உப்பு அதற்குப் பதில் ஆகாது. 2011-ல் சீனாவில் ஜனங்கள் முண்டியடித்து உப்பு வாங்கிக் குவித்தார்கள். ஒரு பலனும் இல்லை.

* வாட்ஸ்-அப்பில் வருவதை நம்பி வயசானவர்களையும் நோயாளிகளையும் இழுத்துக் கொண்டு ஓடக் கூடாது. ஜப்பானில் அலைச்சலில் போன உயிர்களே அதிகம்.

அடுத்த தடவை "அணு உலையில் விபத்து" என்று செய்தி வந்தால் பயப்படும் முன்பு 4 கேள்வி கேளுங்கள். எத்தனையாவது நிலை? கவசம் தாங்கியதா? காற்று எந்தப் பக்கம்? மழை இருக்கா?

இந்த 4 கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமும் அணுமின் நிலையமும்தான். அதுவும் 36 மணி நேரம் கழித்து அல்ல, உடனே. திருச்சுழியில் ஒரு பிள்ளை மறுநாள் காலையில் குடிக்கப் போகும் ஒரு டம்ளர் பாலை நிறுத்துவதா, கொடுப்பதா என்பது அந்தத் தகவலில்தான் இருக்கிறது.